வளர்ந்த பிள்ளையின் முதல் மரக்கறித் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இருப்பது மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில், எழுவான்கரையில். கால் வைத்தால் புதையும் மணல். முப்பது வருஷமாய் இந்த மணலில்தான் வீட்டுக்கறிக்கு மரக்கறி எடுக்கிறேன். மகளுக்கு இருபத்தொன்பது வயது, டவுனில் வேலை. கலியாணத்துக்குக் கொடுத்த வீடு எங்கள் வளவின் பின்பாதியில் நிற்கிறது. என் குசினி வாசலில் நின்றால் அவளுடைய குசினி வாசல் தெரியும். கிணறு இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். முந்தின வருஷம் ஒருநாள், "அம்மா, நானும் கொஞ்சம் மரக்கறி நடட்டா?" என்று கேட்டாள். அதிலிருந்து கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் மற்றத் தாய் தகப்பன்மார் என்னைப் பிடித்து, தங்கள் பிள்ளையை எப்படித் தோட்டம் தொடங்க வைப்பது என்றே கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

பிள்ளைக்கு நேரமில்லை. நானே பாத்தி கட்டி, நாற்றும் வைத்துக் கொடுத்தால் என்ன?

வேண்டாம். அதைச் செய்து கெட்டவள் நான். அவள் கேட்ட அன்றைக்கே மண்வெட்டியைத் தூக்கிவிட்டேன். ஒரு சனி ஞாயிறுக்குள் நான்கு பாத்தி, கிடுகு வேலி, நாற்று எல்லாம் ஆயிற்று. வேலையால் வந்து பார்த்து, "நல்லா இருக்கம்மா" என்றாள். காலையில் ஐந்து மணிக்கு எழும்பி, அவள் கதவு திறக்குமுன் தண்ணீரும் ஊற்றிவிடுவேன். பாவம், நித்திரை கொள்ளட்டும் என்று நினைப்பு. மூன்றாம் கிழமை வீட்டுக்கு வந்த அவளுடைய சிநேகிதி, "யாருடைய தோட்டம்?" என்று கேட்டாள். "அம்மாட" என்றாள் மகள். கோபமாகவோ குறையாகவோ சொல்லவில்லை, இருக்கிறதைச் சொன்னாள். எனக்குத்தான் அன்று இரவு சோறு இறங்கவில்லை.

அடுத்த வருஷம் அவளே கொத்தினாள். கோணல் பாத்தி இரண்டு. நான் திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொத்துவதைவிட அதுதான் எனக்குப் பாடாக இருந்தது.

அப்படியென்றால் நாங்கள் என்னதான் செய்வது?

மூன்று வேலை இருக்கிறது. எரு தேடிக் கொடுக்கலாம். எங்கே நல்ல எரு கிடைக்கும் என்பது நமக்குத்தான் தெரியும். பாரமானது தூக்கலாம், வேலிக்குக் கம்பு நடலாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலாம். கேளாத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அதைத்தான் கொஞ்சம் அடக்கவேண்டும்.

எந்த மாதத்தில் தொடங்கினால் நல்லது?

முதல் தோட்டம் என்றால் தைப்பொங்கல் கழிந்து. நம் பகுதிக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை வாடைக்காற்றோடு கொட்டி முடிந்துவிடும். தை பிறக்கும்போது கிணறு நிரம்பியிருக்கும், மண் குளிர்ந்திருக்கும், வெயிலும் கடுமையில்லை. தை முதல் கிழமை நாற்று மேடை போட்டால் மாசியில் நடலாம், பங்குனி சித்திரையில் காய் பறிக்கலாம். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று மேற்கிலிருந்து வறுத்தெடுக்கத் தொடங்கும். அதற்குள் பிள்ளை ஒரு விளைச்சலைக் கண்ணால் கண்டிருக்கும்.

பழகியவர்கள் புரட்டாசிக் கடைசி மழையோடே பூசணி, பயற்றை, சோளன் போடுவார்கள். புதிதாகத் தொடங்கும் பிள்ளையை அதில் விடாதீர்கள். கார்த்திகையில் இரண்டு நாள் அடைமழை பிடித்தால் மிளகாய், தக்காளி எல்லாம் வேரோடு அழுகும். எங்கள் வயதுக்காரருக்கு கார்த்திகை என்றாலே 1978 நவம்பர் 23 சூறாவளி ஞாபகம் வரும், அது வேறு. தையிலும் வானம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2011 ஜனவரியில் மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தது.

இன்னொன்று. பிள்ளைகள் யூடியூப்பில் தமிழ்நாட்டுத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு, "ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்றாங்களே" என்று வருவார்கள். ஆடியில் இங்கே கிணறு தரை தட்டிக் கிடக்கும், கச்சான் உச்சத்தில் இருக்கும். அந்தப் பழமொழி அவர்களுடைய மழைக்குப் பிறந்தது. அங்கே பாத்தி கட்டுவதையும் பந்தல் போடுவதையும் பார்த்துப் படிக்கட்டும். விதைக்கிற காலத்தை மட்டும் அங்கிருந்து எடுக்கக்கூடாது.

எவ்வளவு இடம் வேண்டும்?

மூன்று அடி அகலம், பத்து அடி நீளத்தில் இரண்டு பாத்தி. அவ்வளவுதான். பத்துப் பேர்ச் வளவிலும் வீடு, கிணறு, தென்னை போக இந்த இடம் மிஞ்சும். மூன்று அடி என்பதற்குக் காரணம் உண்டு: இரண்டு பக்கத்திலிருந்தும் நடுப்பகுதிக்குக் கை எட்டும், பாத்திக்குள் கால் வைக்கத் தேவையில்லை. நாளில் ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் விழவேண்டும். தென்னைக்குக் கீழே, மாமரத்துக்குக் கீழே இடம் சும்மா கிடக்கிறதே என்று அங்கே கத்தரி வைத்தால் இலைதான் வரும்.

எங்கள் பக்கம் வெறும் மணல். இதில் என்ன முளைக்கும்?

களுதாவளைப் பக்கம் போய்ப் பாருங்கள். அதுவும் மணல்தான். வெற்றிலையும் வெங்காயமும் மிளகாயும் அங்கே எப்படி வருகிறது? மணலின் குணம் ஒன்றுதான்: எதையும் பிடித்து வைக்காது. ஊற்றுகிற தண்ணீரும் போடுகிற பசளையும் கீழே இறங்கிப் போய்விடும். பிடித்து வைக்கிறதை நாம் போடவேண்டும்.

பிள்ளைக்கு இதைச் சொல்லி விளங்க வைக்க ஏலாது, காட்டவேண்டும். ஒரு கை ஈரமணலை எடுத்து இறுக்கிப் பிடித்து விரலைத் திறக்கச் சொல்லுங்கள். பொலபொலவென்று விரலிடுக்கால் ஓடும். என் பழைய பாத்தியில் ஒரு கை எடுத்து அப்படியே பிடித்துத் திறந்தால், கறுப்பாய், கொழுக்கட்டை மாதிரி ரேகை பதிந்து நிற்கும். மகள் அந்த உருண்டையை மூக்குக்கிட்ட கொண்டுபோய் மணந்து பார்த்தாள். "மழை மணக்குது" என்றாள். அதற்குப் பிறகு எருவுக்கு நான் அலையவில்லை, அவளே அலைந்தாள்.

நான் சொன்ன அளவுப் பாத்தி ஒன்றுக்கு நன்றாக உக்கிய மாட்டெரு இரண்டு வாளி நிறைய, மேல் அரை அடி மண்ணோடு கலக்கவேண்டும். பச்சைச் சாணி போடக்கூடாது. சூட்டில் வேர் கருகும், புல்லும் முளைக்கும். பாத்திக்கு அடியில் ஒன்றரை அடி ஆழத்தில் பொச்சு மட்டைகளைத் தும்புப் பக்கம் மேலே பார்க்க அடுக்கி மூடினால் அது பஞ்சு மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைக்கும். தென்னைக்குச் செய்கிற வேலைதான். தும்புத்தூளும் நல்லது, ஆனால் இரண்டு மூன்று தரம் அலசி, அந்தக் கபிலத் தண்ணீரை வடித்துவிட்டுப் போடவேண்டும். வாவியோரத்தில் ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) கிடைத்தால் காயவிட்டு, வேலிக்கு நடுகிற கிளிசரியாவின் இலை, சாணியோடு அடுக்கிக் கூட்டெரு செய்யலாம். மூன்று மாதத்தில் உக்கிவிடும்.

எரு வாங்கும்போது கையை விட்டுக் கிளறிப் பாருங்கள். ஒருமுறை எனக்கு ஒரு டிரக்டர் பெட்டி எரு இறக்கினார்கள். மேலே எரு, கீழே பாதிக்கு மணல். எங்கள் ஊருக்கே மணல் விற்ற கெட்டித்தனத்தை என்ன சொல்ல.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வீடு. அங்கே மண் வேறு, இல்லையா?

ஆம். கொக்கட்டிச்சோலை, வவுணதீவுப் பக்கம் களி கலந்த கனத்த மண். அங்கே தண்ணீர் தங்குவதுதான் தொல்லை. பாத்தியை முக்கால் அடி உயர்த்தி, சுற்றிவர வாய்க்கால் வெட்டவேண்டும். ஈரமாய் இருக்கும்போது கொத்தக்கூடாது. கட்டி கட்டியாய் இறுகி, காய்ந்தபின் கல்லாகிவிடும். எங்கள் மணலில் கச்சான் காலத்துக்கு இதற்கு நேர்மாறு: பாத்தியைப் பதித்து வரம்பை உயர்த்துவோம்.

கிணற்றுத் தண்ணீர் சாடையாய் உப்பு. ஊற்றலாமா?

சாடை என்றால் எவ்வளவு, எந்த மாதத்தில் என்பதைப் பொறுத்தது. மார்கழியில் எல்லாக் கிணறும் தேன் மாதிரித்தான். ஆவணி, புரட்டாசியில் நாக்கில் வைத்துப் பாருங்கள். மணலுக்கு அடியில் உவர்நீரின் மேல் நல்ல தண்ணீர் ஒரு படையாய் மிதக்கிறது. மோட்டரைப் போட்டு மணிக்கணக்காய் இறைத்தால் அந்தப் படை மெலிந்து அடியில் உள்ளது மேலே வரும். வாளியால் அள்ளிய காலத்தில் இனித்த கிணறு மோட்டர் வந்தபின் கரித்ததற்கு அதுதான் காரணம். 2004 சுனாமியின்போது கடல் உள்ளே வந்து கிணறெல்லாம் கெட்டது. ஒன்றிரண்டு மாரி கழுவிய பிறகுதான் பல இடங்களில் பழைய சுவை வந்தது.

இலை ஓரம் தீய்ந்த மாதிரிக் காய்ந்துகொண்டு வந்தால் உப்பு என்று சந்தேகப்படலாம். இலையில் படாமல் அடியில் மட்டும் ஊற்றுங்கள். மழைத்தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து நாற்றுகளுக்கு வைத்திருங்கள். பைப் தண்ணீர் ஊற்றலாம்தான், மாதக் கடைசியில் பில்லைப் பார்க்கத் தைரியம் இருந்தால்.

முதலில் எதை நடச் சொல்லலாம்?

பிள்ளை ஆசைப்படுவதும் நாம் சொல்வதும் பாதிப் பாதி. என் மகள் கேட்டது கரட்டும் கோவாவும். அது நுவரெலியாப் பிள்ளைகளுக்கு, நம் சூட்டுக்கு இல்லை என்று சொல்லி ஒருவழியாய் மனதை மாற்றினேன்.

முளைக்கீரை கட்டாயம் வேண்டும். மூன்று நான்கு நாளில் முளைக்கும், நான்கு கிழமைக்குள் சுண்டலுக்குப் பிடுங்கலாம். பொறுமை இல்லாத வயதுக்கு அதுபோல மருந்து இல்லை. பொன்னாங்காணியும் வல்லாரையும் சந்தையில் வாங்கிய கட்டிலிருந்தே வளரும்: பொன்னாங்காணித் தண்டைக் குத்திவிட்டால் சரி, வல்லாரைக்கு வேர் ஒட்டிய துண்டு வேண்டும், கொஞ்சம் நிழலும் வேண்டும். கிணற்றடியில் தண்ணீர் சிந்துகிற இடம் அதற்கென்றே இருக்கிறது.

அடுத்தது வெண்டி. விதை பெரியது, கையால் எடுத்து நடலாம், நாற்று மேடை தேவையில்லை. இரவு ஊறவைத்து, இரண்டு அடிக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை. ஆறு ஏழு கிழமையில் காய் தொடங்கும். அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கவேண்டும், இல்லாவிட்டால் காய் நாராகிவிடும். வேலைக்குப் போகிற பிள்ளையைத் தோட்டத்துக்கு இழுத்து வருவது இந்த வெண்டிதான். நீங்கள் சொல்லவே தேவையில்லை, காய் முற்றுகிறதே என்ற பயமே கொண்டுவந்து விடும்.

பயற்றங்காய் வேலியோரம் நாலு கொடி. கத்தரி ஆறு கன்று. கொச்சிக்காய், அதாவது மிளகாய், ஆறு கன்று. தக்காளி இரண்டு, ஆசைக்கு. பாகலும் புடோலும் இரண்டாம் வருஷம் பார்க்கலாம், பந்தல் வேலை இருக்கிறது.

விதை எங்கே வாங்குவது? எந்த இனம்?

விவசாயத் திணைக்களத்தின் விதை விற்பனை நிலையத்திலோ கமநல சேவை நிலையத்திலோ கேட்டுப் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் பசளைக் கடை. வெண்டியில் எம்.ஐ. 5, ஹரித்த; மிளகாயில் எம்.ஐ. 2, கே.ஏ. 2, தக்காளியில் திலின, பாகலில் எம்.சி. 43, தின்னவேலி வெள்ளை. இவையெல்லாம் திணைக்களத்தின் இனங்கள், விதை எடுத்து மறுபடி போடலாம். கடையில் பளபள பைக்கற்றில் வருவது பலதும் கலப்பினம். நிறையக் காய்க்கும், ஆனால் அதன் விதையைப் போட்டால் தாயைப்போல் வராது.

பைக்கற்றின் பின்னால் திகதி பாருங்கள். எனக்கு ஒருதரம் ஒரு கடையில் தந்த மிளகாய் விதையில் ஒன்றுகூட முளைக்கவில்லை. பிள்ளையின் முதல் விதை அப்படிப் போனால் தன் கை சரியில்லை என்று நினைத்துவிடும். பத்து விதையை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பார்க்கட்டும். ஏழு எட்டு முளைத்தால் மேடையில் போடலாம். நாலு என்றால் கடைக்காரரிடம் துணியோடு போகலாம்.

நாற்று மேடை எப்படிப் போடுவது?

கத்தரி, மிளகாய், தக்காளிக்கு மட்டும்தான் இது தேவை. பதினாலு கன்றுக்கு மேடையே வேண்டாம், அடியில் துளை போட்ட யோகட் கப் போதும். மேடைதான் என்றால், ஒரு முழம் சதுரத்துக்கு மண்ணைச் சலித்துப் போட்டு, மேலே வைக்கோலும் உமியும் படை படையாய் அடுக்கி எரித்துவிடுவது பழைய முறை. மண்ணில் உள்ள பூஞ்சணமும் புல் விதையும் சாகும். ஆறியபின் சாம்பலை வாரிவிட்டு, விரலால் கோடு கிழித்து விதை தூவி, மெல்ல மூடி, கிடுகு ஒன்றை நிழலுக்குச் சாய்த்து வைக்கலாம். நாலு ஐந்து கிழமையில் கன்று நடத் தயார். நடுவது பின்னேரத்தில். காலையில் நட்டால் மத்தியான வெயில் கன்றைப் பந்தாடிவிடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர்?

சதுர மீற்றருக்கு ஐந்து ஆறு லீற்றர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன பாத்திக்கு ஒன்றரை வாளி வரும். மணலில் அதை ஒரே தரம் ஊற்றினால் பாதி வீண், காலையும் பின்னேரமும் பிரித்து ஊற்றவேண்டும். கச்சான் தொடங்கினால் இன்னும் ஒரு வாளி கூடும். வைக்கோலோ காய்ந்த இலையோ இரண்டு அங்குலம் மூடாக்குப் போட்டால் அந்தக் கூடுதல் வாளியை மிச்சம் பிடிக்கலாம்.

என் மருமகன் அக்கரைப்பற்றுப் பக்கம், வயல்காரக் குடும்பம். அவர் வந்த புதிதில் மோட்டரைப் போட்டு, வயலுக்குப் பாய்ச்சுகிற மாதிரிப் பாத்தி மிதக்க விடுவார். "மாமி, நெல்லுக்கு இப்படித்தான்" என்பார். மருமகனுக்கு மாமி எதிர்க்கதை கதைப்பது நம் ஊரில் அவ்வளவு நல்லாயிராது. நான் ஒன்றும் சொல்லாமல், பாய்ச்சிய ஒரு மணித்தியாலம் கழித்து மண்ணில் விரலை விட்டுப் பார்க்கும்படி மகளிடம் சொன்னேன். மேல் விரல்கட்டு காய்ந்திருந்தது. அடுத்த நாள் பூவாளி வாங்கிக்கொண்டு வந்தது அவர்தான்.

கிணற்றடியில் வாளி, சிரட்டை, பூச்சாடித் தட்டு எதிலும் தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள். மாரி காலத்தில் இங்கே டெங்கு லேசுப்பட்ட விஷயமில்லை. மழைத்தண்ணீர்ப் பீப்பாயின் வாயை வலையால் கட்டிவிடுங்கள்.

கண்ணுக்கு முன்னால் பிழை செய்கிறது. சொல்லாமல் இருக்க முடியவில்லை!

எனக்கும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் குந்தியிருந்து புல் பிடுங்குகிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறேன்: பிடுங்குவது என்னவோ சிவப்புத் தண்டு முளைக்கீரை, விட்டுவைப்பது கோரை. வரிசையாய், அழகாய், கோரைக்கு நடுவில் ஒரு புல்கூட இல்லாமல் துப்புரவாக்கிவிட்டாள். வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு தேத்தண்ணி போட உள்ளே போனேன். பத்து நாள் கழித்து அவளே கூப்பிட்டு, "அம்மா, இந்தக் கீரை ஏன் ஊசி மாதிரி வருது?" என்றாள். அடியில் கொத்தி அந்தக் கோரைக்கிழங்கைக் காட்டினேன். சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று தொடுத்திருந்தது. இரண்டு பேரும் சிரித்து ஓய அரைமணி நேரம் ஆனது. இனி அவள் கோரையைக் கண்ணை மூடிக்கொண்டும் பிடிப்பாள்.

ஆனால் எல்லாப் பிழைக்கும் வாயை மூடியிருக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஒரு பருவமே போகிற பிழை என்றால் சொல்லவேண்டும். மிளகாயைத் தென்னை நிழலில் நடப் போகிறாளா, சொல்லுங்கள். மருந்துப் போத்தலை வெறுங்கையால் திறக்கிறானா, கத்துங்கள். கீரை போனால் நாலு கிழமைதானே.

கத்தரி நுனி வாடித் தொங்குகிறது. தண்ணீர் காணாதா?

தண்ணீர் இல்லை, புழு. முழுச் செடியும் நிமிர்ந்து நிற்க ஒரு நுனி மட்டும் தலை கவிழ்ந்தால் தண்டு துளைப்பான்தான். வாடிய நுனியைக் கத்தியால் நீளவாட்டில் பிளந்து பிள்ளைக்குக் காட்டுங்கள். உள்ளே கரிய எச்சத்துக்கு நடுவில் இளஞ்சிவப்பாய் ஒரு சின்னப் புழு நெளியும். அதையே விட்டால் காய்க்குள் போகும். துளைக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி எரித்துவிடவேண்டும். எருக்குழியில் போட்டால் அங்கிருந்து அந்துப்பூச்சியாய்த் திரும்பி வரும். இரண்டு கிழமை விடாமல் இப்படி வெட்டினால் மருந்து இல்லாமலே அடங்கும். கத்தரி பக்கத்தால் புதிதாய்த் துளிர்க்கும், கவலை வேண்டாம்.

கொச்சிக்காய் இலை சுருண்டால் எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். மேல்நோக்கி என்றால் பனிப்பூச்சி, கீழ்நோக்கி என்றால் சிற்றுண்ணி. லீற்றருக்கு ஐம்பது கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடித்து, துளி சவர்க்காரம் சேர்த்து, வெயில் இறங்கியபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கலாம். முற்றாய்ச் சுருண்டு குறண்டிய செடியைப் பிடுங்கிவிடுவது மேல். பூசணி, புடோல் இலையை அரிக்கும் சிவப்பு வண்டுக்குக் காலைப் பனியோடு அடுப்புச் சாம்பல்.

பசளை, மருந்து போடாமல் முடியாதா?

இரண்டு பாத்திக்கு முடியும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது வயல்காரர் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த வருஷக் கடைசியிலேயே தடையைத் தளர்த்தவேண்டி வந்தது. ஆகவே யூரியாவே விஷம் என்று நான் சொல்லமாட்டேன். ஏக்கர் கணக்கில் செய்பவர் கதை வேறு, குசினிக்குப் பின்னால் பதினாலு கன்று வேறு. மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுங்கள். போத்தலில் எழுதியிருக்கிற நாள் கழியும்வரை காய் பறிக்கக்கூடாது.

எவ்வளவு காசு கொடுக்கலாம்?

மண்வெட்டி ஒன்று, நல்லதாய். மிச்சத்தை அவர்கள் சம்பளத்தில் வாங்கட்டும். 2022 இல் சாமான் விலை ஏறிக் கிடந்தபோது, பயிர் செய்யச் சொல்லி அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு விட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் அந்த லீவில் எத்தனை பேர் மண்வெட்டி பிடித்தார்கள் என்று எழுதப்போவதில்லை. வெள்ளிக்கிழமை தந்தால் மட்டும் தோட்டம் வந்துவிடாது.

மாடு, ஆடு, மயில்?

மாட்டுக்கும் ஆட்டுக்கும் கிளிசரியாக் கதிகாலை நெருக்கமாய் ஊன்றி, கீழே பழைய மீன்வலை. வலைக்கு நம் கரையில் பஞ்சமில்லை. கோழி நம்முடையதே என்றால் சண்டை வீட்டுக்குள். மயிலுக்கும் அதே வலையைக் கன்றுகளின் மேல் விரிக்கலாம். யானை வருகிற ஊர் என்றால் வாழை, கரும்பு, சோளன் மூன்றையும் வீட்டுக்குக்கிட்ட வைக்காதீர்கள். அது மரக்கறி பற்றிய பேச்சே இல்லை, உயிர் பற்றியது.

துடக்கு நேரத்தில் பெண்பிள்ளை தோட்டத்துக்குள் போகலாமா? கண்ணூறு?

போகலாம். என் அம்மா வெற்றிலைக் கொடிக்குப் பக்கத்தில் விடமாட்டா. நானும் இருபது வருஷம் அப்படித்தான் ஒதுங்கியிருந்தேன். பிறகு வீட்டில் ஆளில்லாத ஒரு வருஷம் எல்லா நாளும் நானே ஊற்றினேன், எதுவும் பட்டுப்போகவில்லை. மகளிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கண்ணூறுக்கு வெருளி கட்டுவதைத் தடுக்கமாட்டேன். குருவியாவது பயப்படும். மருமகனின் பழைய சேட்டைப் போட்டு மகள் கட்டிய வெருளி அவரைவிட நிமிர்ந்து நிற்கிறது.

மகன் கொழும்பில் மாடி வீட்டில். அங்கே என்ன செய்வது?

வெயில் விழுகிற பல்கனி இருந்தால் போதும். அரிசிப் பையில் பாதி மண், பாதி கூட்டெருவும் தும்புத்தூளும். இரவு பஸ்ஸில் பொன்னாங்காணித் தண்டை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டால் காலையில் போய்ச் சேரும். கொச்சிக்காய் இரண்டு கன்று, கறிவேப்பிலை ஒன்று. தினம் போன் எடுத்துத் தண்ணீர் ஊற்றினாயா என்று கேட்காதீர்கள். படம் அனுப்பச் சொல்லுங்கள், அந்தப் படத்துக்கு வெட்கப்பட்டாவது ஊற்றுவான்.

கச்சான் வந்ததும் தோட்டத்தை விட்டுவிட்டால்?

விடட்டும். ஆனியில் நானே பாதியைக் காயவிடுகிறேன். சணல், பயறு ஏதாவது தூவி மண்ணை மூடினால் நல்லது, இல்லாவிட்டால் வைக்கோல். எல்லாம் காயுமுன் ஒரேயொரு வேலை: நல்லாய்க் காய்த்த வெண்டிச் செடியில் இரண்டு காயைப் பறிக்காமல் விடச் சொல்லுங்கள். அது பழுத்து, மரம் மாதிரிக் காய்ந்து, ஓரம் வெடிக்கும். ஆட்டிப் பார்த்தால் உள்ளே கிலுகிலுவென்று கேட்கும். அப்போது உடைத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, ஈரமில்லாத போத்தலில் கொஞ்சம் சாம்பலோடு போட்டு இறுக்கி மூடவேண்டும். பிரிட்ஜின் கீழ்த்தட்டு நல்ல இடம்.

மகளின் பிரிட்ஜிலும் ஜாம் போத்தல் ஒன்று இருக்கிறது. எம்.ஐ. 5, பறித்த திகதி, எத்தனை விதை என்று அவள் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறாள். அதற்குக் கீழே சின்னதாய், "அம்மா எடுக்கக்கூடாது."